பொரித்தட்டும் கையெழுத்தும்: வேலையிடத்தில் ஒரு கிறிஸ்தவன் எங்கே வேறுபட்டு நிற்க வேண்டும்?

பட்டறைக்காரன் (கோவை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் சிறிய லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவன். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் இயந்திரங்களை எல்லோரோடும் சேர்ந்து துடைத்துக் கொடுத்துவிட்டு, பூஜை அன்று விடுப்பு எடுத்துக்கொள்வது என் வழக்கம். யாரும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.

இந்த ஆண்டு என்னை மேற்பார்வையாளராக உயர்த்தியிருக்கிறார்கள். எங்கள் பட்டறையில் கற்பூரம் காட்டுவது, பூசணிக்காய் உடைப்பது, பொரி கடலை கொடுப்பது எல்லாம் மேற்பார்வையாளரின் பொறுப்பு. முதலாளி கட்டாயப்படுத்துகிறவர் அல்லர். ஆனால் நான் செய்வேன் என்றே எதிர்பார்க்கிறார். சபையில் கேட்டபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். பொரியைத் தொடவே கூடாது என்றார் ஒருவர். அன்று ஊரிலேயே இருக்காதே என்றார் இன்னொருவர்.

இன்னொன்றும் இருக்கிறது. பதவியோடு ஆய்வு அறிக்கையில் கையெழுத்திடும் வேலையும் என்னிடம் வந்துவிட்டது. ஒவ்வொரு லாட்டிலும் குறிப்பிட்ட எண்ணிக்கை ஷாஃப்டுகளை மைக்ரோமீட்டரில் அளந்து எழுத வேண்டும். இங்கே நடப்பது என்னவென்றால், முதலில் இரண்டொன்றை அளந்துவிட்டு மீதியைப் பழைய அறிக்கையைப் பார்த்து நிரப்புகிறார்கள். அவசர ஆர்டர் என்றால் அந்த இரண்டொன்றும் கிடையாது. "எல்லாப் பட்டறையிலும் இப்படித்தான்" என்கிறார்கள்.

பூஜையைப் பற்றி அறிவுரை சொல்லப் பலர் இருக்கிறார்கள். கையெழுத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன்.

------

தேரிமணல் (திருச்செந்தூர் வட்டாரம்) எழுதியது:

தம்பி, முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். கற்பூரம் காட்டாதீர்கள். இதில் யோசிக்க இடமில்லை.

"ஒரு தட்டுப் பொரிதானே" என்று சொல்பவர்கள் நம் பகுதியின் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1790களின் கடைசியில் திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராக மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஊர்க் கோவில் கொடைக்கு வரி கொடுக்க மாட்டோம், பலியில் பங்கெடுக்க மாட்டோம் என்றார்கள். அதற்காக ஜெபக்கூடங்கள் இடிக்கப்பட்டன, குடும்பங்கள் வீட்டை விட்டு விரட்டப்பட்டன. அப்படி விரட்டப்பட்டவர்கள் ஒதுங்க இடம் வேண்டும் என்றுதான் உபதேசியார் சுந்தரானந்தம் தாவீது முன்னின்று 1799இல் முதலூரை உருவாக்கினார். பின்னால் நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம் என்று ஊர்கள் எழுந்தன. இன்று நாம் ஆலயத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பது, "இதை மட்டும் செய்ய மாட்டேன்" என்று அன்று சொன்ன பனையேறிக் குடும்பங்களால்தான்.

வேதாகமத்தில் வரும் தானியேலும் சாப்பாட்டு விஷயத்தில்தான் தொடங்கினான். ராஜாவின் போஜனத்தினால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்று தீர்மானித்தவன்தான் பிறகு சிங்கக் கெபியிலும் நிற்க முடிந்தது. சிறியதில் தளர்ந்தவன் பெரியதில் நிற்க மாட்டான்.

------

நொய்யல் (கோவை) எழுதியது:

நான் கிறிஸ்தவன் அல்லன். பல ஆண்டுகள் பட்டறைகளில் வேலை பார்த்தவன் என்பதால் எங்கள் பக்கத்தைச் சொல்லலாமா?

ஆயுத பூஜை எங்களில் பலருக்கு சாமி காரியம் மட்டும் அன்று. ஆண்டு முழுவதும் கையைக் கடித்துவிடாமல் சோறு போட்ட இயந்திரத்துக்கு நன்றி சொல்லும் நாள். அன்றுதான் முதலாளியும் உதவியாளும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வீட்டுப் பிள்ளைகள் பட்டறைக்கு வருவார்கள். உங்களைப் போன்றவர்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு போகும்போது, "இவர் சாமிக்குத்தான் விலகிப் போகிறாரா, நம் தட்டுக்கும் விலகிப் போகிறாரா" என்று எங்களுக்குத் தெரிவதில்லை.

கற்பூரம் காட்ட மாட்டேன் என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வோம். ஆனால் அங்கே வந்து நில்லுங்கள். எங்கள் பட்டறையில் ஒரு பாய் இருந்தார். பூஜை முடியும்வரை வாசலில் நிற்பார், பிறகு உள்ளே வந்து எல்லோர் பிள்ளைகளுக்கும் தன் கைக்காசில் மிட்டாய் கொடுப்பார். அவரை ஒருவரும் அந்நியராக நினைத்ததில்லை.

கையெழுத்தைப் பற்றி ஒரு சொல். நீங்கள் அளக்காமல் கையெழுத்துப் போட்டால் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நீங்கள் பொரி சாப்பிட்டீர்களா இல்லையா என்பதை யாரும் பக்தியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

------

சீயோன்வழி எழுதியது:

ஸ்தோத்திரம் சகோதரரே. அந்நிய நுகத்திலே பிணைக்கப்படாதிருங்கள் என்று வேதம் சொல்கிறது. வேலையை விட்டுவிடுங்கள். கர்த்தர் வேறு வாசலைத் திறப்பார்.

------

பட்டறைக்காரன் எழுதியது:

சீயோன்வழி சகோதரருக்கு: உங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனால் அடுத்த பட்டறையிலும் ஆயுத பூஜை உண்டு, அங்கேயும் ஆய்வு அறிக்கை உண்டு.

நொய்யல் அண்ணா, தட்டுக்கு விலகிப் போவதாகத் தோன்றும் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. சொன்னதற்கு நன்றி.

------

ஓலைச்சுவடி எழுதியது:

இறையியல் கல்லூரியில் திருச்சபை வரலாறு படித்தவன் என்ற முறையில் ஒன்றை இங்கே வைக்கிறேன். இந்த இழையின் இரண்டு கேள்விகளும் ஒரே காகிதத்தில் எழுதப்பட்டிருக்கும் ஆவணம் ஒன்று உண்டு. அதை எழுதியவர் கிறிஸ்தவர் அல்லர். கிறிஸ்தவர்களைத் தண்டித்த அதிகாரி.

கி.பி. 112ஆம் ஆண்டு வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் இருந்த பித்தினியா-பொந்து மாகாணத்துக்கு பிளினி என்பவர் ஆளுநராக இருந்தார். கிறிஸ்தவர் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களை எப்படி நடத்துவது என்று பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதினார். அவர் வைத்த சோதனை எளிது. தெய்வங்களின் பெயரைச் சொல்ல வேண்டும், பேரரசரின் சிலைக்கு முன் தூபமும் திராட்சரசமும் படைக்க வேண்டும், கிறிஸ்துவைப் பழிக்க வேண்டும். உண்மையான கிறிஸ்தவர்களை இதில் ஒன்றைக்கூடச் செய்ய வைக்க முடியாது என்று தான் கேள்விப்பட்டதாக அவரே எழுதுகிறார். தேரிமணல் ஐயா சொல்வது இங்கே சரி. ஒரு சிட்டிகைத் தூபத்துக்காக உயிர் போயிருக்கிறது. அது சிறிய காரியம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

ஆனால் கடிதத்தின் அடுத்த பகுதியை நாம் பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை. இந்த மனிதர்கள் கூடி என்னதான் செய்கிறார்கள் என்று பிளினி விசாரிக்கிறார். குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் போற்றிப் பாடுகிறார்கள். பிறகு ஓர் ஆணை எடுத்துக்கொள்கிறார்கள். என்ன ஆணை? திருடுவதில்லை, கொள்ளையடிப்பதில்லை, விபசாரம் செய்வதில்லை, கொடுத்த வாக்கை மீறுவதில்லை, நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்கும்போது மறுப்பதில்லை. இது உண்மையா என்று உறுதிப்படுத்த, சபையில் உதவிக்காரிகளாக இருந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்கிறார். அதிலும் அவருக்குக் குற்றம் ஒன்றும் அகப்படவில்லை. மிதமிஞ்சிய மூடநம்பிக்கை என்று எழுதி முடித்துவிடுகிறார்.

தூபம் போட மறுத்தவர்களும், ஒப்படைத்த பணத்தை ஏமாற்றுவதில்லை என்று ஆணையிட்டவர்களும் ஒரே ஆட்கள். விடியற்காலையில் அந்த ஆணையை எடுத்திராவிட்டால், பகலில் தூபத்தை மறுத்தது வெறும் பிடிவாதமாகியிருக்கும். நம் சபைகளில் இந்த இரண்டும் பிரிந்துவிட்டன என்பதுதான் என் வருத்தம். தூபத்தை வைத்துக்கொண்டோம், ஆணையை விட்டுவிட்டோம்.

தானியேலைப் பற்றியும் ஒன்று. முதல் அதிகாரத்தில் உணவை மறுத்தவன், ஆறாம் அதிகாரத்தில் ராஜ்யத்தின் கணக்குகளைப் பார்க்கும் மூன்று பிரதானிகளில் ஒருவன். எதிரிகள் முதலில் தேடியது அவனுடைய அலுவலில் ஏதாவது முறைகேடு கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை. அதன் பிறகுதான் அவனுடைய ஜெபத்தைப் பிடித்தார்கள். பட்டறைக்காரன் தம்பியின் அறிக்கைகளை நாளை யாராவது எடுத்துப் பார்த்தால், ஜெபம்வரைக்கும் போக வேண்டிய தேவை அவர்களுக்கு வருமா?

------

மருதாணி (நாகர்கோவில்) எழுதியது:

ஓலைச்சுவடி அண்ணன் "ஆணையை விட்டுவிட்டோம்" என்று எழுதியதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பள்ளி ஆசிரியை. குமரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவள்.

எங்கள் பக்கத்தில் பூஜைப் பொரியைக் கையில் வாங்குகிற கிறிஸ்தவர் குறைவு. நெற்றியில் குங்குமம் வைத்தால் கேள்வி வரும். நல்லது. அதே வீடுகளில் பெண் பார்க்க வரும்போது முதல் பேச்சு எத்தனை பவுன் என்பது. இரண்டாவது பேச்சு ரொக்கம். மூன்றாவது பேச்சு வீடா, மனையா, காரா. ஜெபத்தோடுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள், ஜெபத்தோடுதான் முடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கும்போது "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் உண்டா" என்று மூன்று வாரம் கேட்கிறார்கள். அந்தத் திருமணத்துக்காக ஒரு தகப்பன் நிலத்தை விற்றது தடையாக யாருக்கும் தோன்றுவதில்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். மதச்சார்பற்ற நாட்டின் பாராளுமன்றம் குற்றம் என்று சொன்ன ஒன்றை, பரிசுத்தவான்களின் ஐக்கியம் இன்னும் பாவம் என்று சொல்லத் தயங்குகிறது.

அடுத்தது சாதி. ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளில் மணமகள் தேவை பகுதியைப் பாருங்கள். சபையின் பெயர் முதலில் இருக்கும், பக்கத்திலேயே சாதியின் பெயர் இருக்கும். "இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற பெண்" என்று கேட்டுவிட்டு, அந்தப் பெண் எந்தத் தெருவில் பிறந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

இது இன்றைக்கு வந்த நோய் இல்லை. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார்: சாதி வேறுபாட்டை உடனடியாக, முற்றிலுமாக விட்டுவிட வேண்டும். நற்கருணையில் ஒன்றாகக் கலந்து வர வேண்டும், ஆலயத்தில் தனித்தனி இடம் கூடாது. விளைவு என்ன? வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ஏராளமானோர் சபையை விட்டே விலகினார்கள். யோசித்துப் பாருங்கள். பழைய தெய்வங்களை விட்டு வந்தவர்கள் சாதியை விடச் சொன்னபோது ஆலயத்தை விட்டுப் போனார்கள். நம் இனிமையான கீர்த்தனைகளைப் பாடிக் கொடுத்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்கூட சாதி வழக்கங்களில் மிஷனரிமார் கைவைப்பதை எதிர்த்தவர்தான். அவருடைய பாடல்களை நான் இன்றும் கண்ணீரோடு பாடுகிறேன். அதனாலேயே இது எனக்கு அதிகமாக வலிக்கிறது.

எங்கள் பள்ளியில் வேலை செய்யும் இந்து ஆசிரியை ஒருவர் தன் மகனுக்கு ஒரு ரூபாயும் வாங்காமல் திருமணம் செய்தார். அழைப்பிதழ் கொடுக்கும்போது அதைப் பற்றிப் பெருமையாக ஒரு சொல்லும் பேசவில்லை. ஆசிரியர் அறையில் நாங்கள் கிறிஸ்தவர்கள் பலர் இருந்தோம். எங்களில் யார் முகத்தைப் பார்த்து "நீங்கள் வேறுபட்டவர்கள்" என்று அவர் சொல்வார்?

தம்பி, உங்கள் கையெழுத்தைப் பற்றி சபையில் ஒருவரும் பேசாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பொரியை மறுத்தால் செலவு இல்லை. கையெழுத்தை மறுத்தால் செலவு உண்டு. சீதனத்தை மறுத்தால் பெரிய செலவு. செலவில்லாத இடத்தில் மட்டும் நாம் விசுவாச வீரர்களாக இருக்கிறோம்.

------

தேரிமணல் எழுதியது:

மகளே, நீங்கள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் "பொரியை மறுத்தால் செலவு இல்லை" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் நாகர்கோவிலில் செலவில்லாமல் இருக்கலாம். அங்கே நாம் எண்ணிக்கையில் அதிகம். தனி ஒருவனாக ஒரு பட்டறையில் நின்று மறுக்கிறவனுக்குச் செலவு உண்டு. வடமாநிலங்களில் மிஷனரிகளாக இருக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

சீதன விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். எங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் கீழ் உள்ள சபைகளில்) வாலிபர் ஐக்கியப் பையன்களிடம் "வாங்க மாட்டேன்" என்று ஆலயத்தில் எழுந்து நின்று சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று சேகரக் கமிட்டியில் பேசியிருக்கிறேன். பெற்றோர்தான் எதிர்க்கிறார்கள்.

------

வைகறை (திருச்சி) எழுதியது:

கத்தோலிக்கன். எங்கள் பக்கத்தில் இருந்து இரண்டு விஷயங்கள்.

ஒன்று, பூஜையைப் பற்றி. உழைப்புக்கும் கருவிகளுக்கும் நன்றி சொல்வதில் கிறிஸ்தவத்துக்கு அந்நியமானது எதுவும் இல்லை. 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக ஏற்படுத்தினார். அந்த நாளில் தொழிலாளர் திருப்பலியும், பணிக் கருவிகளை மந்திரிக்கும் (ஆசீர்வதிக்கும்) வழக்கமும் பல பங்குகளில் உண்டு. நொய்யல் சொன்ன நன்றியுணர்வை நாமும் கொண்டாடலாம். வணக்கம் யாருக்கு என்பதில்தான் வேறுபாடு. தம்பி மே தினத்தன்று தன் பட்டறைத் தோழர்களுக்கு விருந்து வைக்கலாமே. விலகுகிற நாள் ஒன்று இருந்தால் அழைக்கிற நாளும் ஒன்று இருக்கட்டும்.

நாமான் கதையை நினைத்துப் பாருங்கள். சிரியாவின் படைத்தலைவன் யோர்தானில் மூழ்கிக் குணமான பிறகு, "இனி ஆண்டவரைத் தவிர வேறு தெய்வத்துக்குப் பலியிட மாட்டேன்" என்கிறான். அடுத்த மூச்சிலேயே, "என் அரசன் ரிம்மோன் கோவிலில் என் கைமேல் சாய்ந்துகொண்டு வணங்கும்போது நானும் குனிய வேண்டியிருக்கும், அதை மட்டும் மன்னிக்க வேண்டும்" என்று கேட்கிறான். இறைவாக்கினர் எலிசா அவனைத் திட்டவில்லை. சமாதானத்தோடு போ என்கிறார். இதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டு கற்பூரம் காட்டலாம் என்று நான் சொல்லவில்லை. பிறர் நடுவே, பிறருக்குக் கீழே வேலை செய்கிறவனுடைய சங்கடத்தை வேதாகமம் அறிந்திருக்கிறது என்று சொல்கிறேன்.

இரண்டாவது, மருதாணி எழுதியதைப் பற்றி. சி.எஸ்.ஐ. மட்டும் இல்லை. எங்கள் திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து ஒரு சுவர் எழுப்பப்பட்டது. ஒரே திருமுழுக்கு, ஒரே நற்கருணை, ஒரே அடக்கச் சடங்கு, நடுவில் சுவர். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கையையே வெளியிட்டது. காகிதம் வந்தது நல்லது. பங்குகளில் அது என்னவாகிறது என்பதை நாம்தான் கேட்க வேண்டும். அந்தச் சுவரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு "நீ உலகத்திலிருந்து வேறுபட்டவன்" என்று மறைக்கல்வி வகுப்பில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

------

பனிமலை (டொராண்டோ) எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊரில் பூஜைச் சிக்கல் இல்லை, வேறொன்று இருக்கிறது. என் மகனுடைய ஹாக்கிப் பயிற்சியும் போட்டிகளும் ஞாயிறு காலையில்தான். இங்கே யாரும் நம் விசுவாசத்தை எதிர்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு சபை கூடுகிறது என்பதே பலருக்கு நினைவில் இல்லை. எதிர்ப்பில் உறுதியாக நிற்கலாம். பொருட்படுத்தாத இடத்தில் நிற்பது கடினமாக இருக்கிறது. மகன், ஞாயிறு ஓட மறுத்த ஓட்டப்பந்தய வீரர் எரிக் லிடெல் கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டுவிட்டு வந்து, "நானும் ஞாயிறு விளையாடக் கூடாதா" என்று கேட்கிறான்.

------

ஓலைச்சுவடி எழுதியது:

பனிமலைக்கு: லிடெல் கதையை முழுவதுமாகச் சொல்லிக் கொடுங்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதி ஓட்டம் ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. அது ஞாயிறு என்பது அவருக்குப் பல மாதங்களுக்கு முன்பே தெரியும். கப்பலேறும்போது திடீரென்று தெரிந்ததாகச் சொல்வது சரியன்று. தெரிந்ததும் அமைதியாக விலகி, 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார். அதில் 47.6 விநாடியில் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டே சீனாவுக்கு மிஷனரியாகப் போய்விட்டார்.

பலர் சொல்லாத பகுதி இனிமேல்தான் வருகிறது. போர்க்காலத்தில் ஜப்பானியர் அவரை வெய்சியென் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். அங்கே பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் பலர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் ஹாக்கி விளையாடி, நடுவர் இல்லாமல் சண்டையிட்டுக்கொண்டார்கள். ஒலிம்பிக் பதக்கத்துக்காக ஞாயிறு ஓடாத அந்த மனிதர், அந்தப் பிள்ளைகளுக்காக ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இறங்கி நடுவராக நின்றார். 1945 பிப்ரவரியில், முகாம் விடுதலையாகும் முன்பே, மூளைக் கட்டியால் இறந்தார்.

தன் புகழுக்காக மீறாததை அடுத்தவர் நலனுக்காகத் தளர்த்தினார். என் பார்வையில் இரண்டும் ஒரே கீழ்ப்படிதல். உங்கள் மகனுக்கு விடை இதில் நேரடியாகக் கிடைக்காது. ஆனால் "யாருக்காக" என்று கேட்கக் கற்றுக்கொள்வான்.

------

கணக்கர் (சென்னை) எழுதியது:

தணிக்கை அலுவலகத்தில் வேலை. இழை நன்றாகப் போகிறது, ஆனால் தம்பியின் இரண்டாவது கேள்வியை எல்லோரும் மேற்கோளாகவே எடுத்துக்கொண்டீர்கள். அவருக்குப் பதில் வேண்டும்.

முதலில் ஒரு சட்ட விஷயம், ஏனென்றால் "நம் நாட்டில் மனச்சாட்சிக்குப் பாதுகாப்பு உண்டே" என்று யாராவது சொல்வார்கள். உண்டு. 1985இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லாது என்றது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு. அவர்களுடைய உபதேசத்தில் நமக்கு ஒப்புதல் இல்லை என்பது வேறு விஷயம். "எழுந்து நிற்பேன், பாட மாட்டேன்" என்ற அந்த நடத்தையைக் கவனியுங்கள். மறுப்பும் மரியாதையும் ஒன்றாக இருந்தன. அந்த மரியாதையை நீதிமன்றமும் எடுத்துச் சொன்னது. ஆனால் அது பள்ளியையும் அரசையும் பற்றிய வழக்கு. தனியார் பட்டறையில் உங்கள் முதலாளியோடு பேசிப் புரியவைப்பதுதான் வழி. அவர் நல்ல மனிதர் என்று நீங்களே சொல்கிறீர்கள்.

இப்போது கையெழுத்து. அளக்காத அளவை அளந்ததாக எழுதுவது பொய்ச் சாட்சி. வேறு பெயர் அதற்கு இல்லை. அந்த ஷாஃப்ட் ஏதோ ஒரு விவசாயியின் ஆழ்துளைக் கிணற்றுக்குள் நூற்றுக்கணக்கான அடி இறங்கப் போகிறது. பேரிங் அமரும் இடத்தில் அளவு தவறினால் அதிரும், தேயும், மோட்டார் எரியும். பம்பை வெளியே தூக்கி மறுபடி இறக்க ஆள் கூலியும் வண்டி வாடகையும் அவருக்குத்தான். பயிர் அந்த நாட்களில் காத்திருக்காது. அவர் உங்களை ஒருநாளும் பார்க்க மாட்டார். உங்கள் கையெழுத்தை நம்பித்தான் பம்பை வாங்குகிறார். பிளினியின் கடிதத்தில் வரும் "நம்பி ஒப்படைத்த பொருள்" இதுவேதான்.

செய்ய வேண்டியது: எடுத்த எடுப்பில் போட மாட்டேன் என்று நிற்காதீர்கள். முதலில் அளக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். பெரும்பாலான இடங்களில் திருட்டு எண்ணம் காரணமாக இருக்காது. அளக்க ஆளும் நேரமும் ஒதுக்காததுதான் காரணம். முக்கியமான அளவுகளுக்கு போ-போகாதே கேஜ் (அளவு வரம்புக்குள் இருக்கிறதா என்று பொருத்திப் பார்க்கும் கருவி) செய்து வைத்தால், மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியாத உதவியாளும் சில விநாடிகளில் பார்த்துவிடலாம். அந்த யோசனையோடு முதலாளியிடம் போங்கள். அதன் பிறகும் அளக்காமல் போடச் சொன்னால், அளந்த எண்ணிக்கையை மட்டும் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஐந்து அளந்தால் ஐந்து என்று எழுதுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் பதில் சொல்லலாம்.

லஞ்சத்தைப் பற்றியும் இங்கே ஒரு வரி, ஏனென்றால் இதே சிக்கல் உள்ள பலர் இதைப் படிப்பார்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் நேரடிக் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தால் தப்பலாம். "வாங்குகிறவன்தான் பாவி" என்று இனி சட்டப்படியும் சொல்ல முடியாது.

------

நொய்யல் எழுதியது:

கணக்கர் சொன்ன கேஜ் யோசனை சரி. பீளமேடு, கணபதி பக்கத்தில் நன்றாகச் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். தம்பி வேண்டுமானால் தனிச் செய்தியில் கேட்கட்டும்.

------

மருதாணி எழுதியது:

ஐந்து அளந்தால் ஐந்து என்று எழுதுங்கள் என்பதை நான் நாளை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லப் போகிறேன். செய்முறைக் குறிப்பேட்டில் செய்யாத சோதனைக்கு அளவு எழுதும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. அதைக் கண்டும் காணாமல் விடுகிற பள்ளிகளில் நம் மிஷன் பள்ளிகளும் உண்டு.

தேரிமணல் ஐயா, வாலிபர்கள் ஆலயத்தில் எழுந்து நின்று சொல்லும் அந்த ஏற்பாட்டைக் கைவிடாதீர்கள். பெற்றோர் எதிர்த்தால் தாய்மாரைப் பெண்கள் ஐக்கியத்தில் வைத்துப் பேசுங்கள். பவுன் கணக்கைப் பேசுவது பெரும்பாலும் அந்த அறையில்தான். எந்தச் சேகரம் என்று சொன்னால் நானும் வந்து பேசுகிறேன்.

------

பட்டறைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முதலாளியிடம் பேசிவிட்டேன்.

பூஜையைப் பற்றி: "ஐயா, கற்பூரம் காட்டவும் பூசணிக்காய் உடைக்கவும் என்னால் முடியாது; ஆனால் அன்று விடுப்பு எடுக்க மாட்டேன், இங்கேயே இருப்பேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, மூத்த லேத்காரர் ஒருவரைச் செய்யச் சொல்வதாகச் சொன்னார். அந்த மூத்தவருக்கு மிகுந்த மகிழ்ச்சி. எனக்கு முன்னால் இந்தப் பதவி அவருக்குத்தான் வந்திருக்க வேண்டும் என்பது பட்டறைக்கே தெரியும். சாப்பாட்டுப் பந்தியில் பரிமாறும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். படைத்த பொரியைச் சாப்பிட மாட்டேன் என்பதையும் சொல்லிவிட்டேன். மே தின விருந்தை அடுத்த ஆண்டு நிச்சயம் செய்வேன், வைகறை.

கையெழுத்தைப் பற்றி: அது இவ்வளவு எளிதாக முடியவில்லை. கேஜ் செய்வதற்கு ஒப்புக்கொண்டார். ஆனால் இந்த மாதம் அனுப்ப வேண்டிய அவசர லாட்டுக்குப் பழைய முறையிலேயே போட்டுவிடு என்றார். முடியாது என்றேன். "பதவி கொடுத்ததும் பேச்சு வந்துவிட்டதா" என்று கோபப்பட்டார். அளந்த எண்ணிக்கையை மட்டும் எழுதி அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அது அப்படியே போகுமா, வேறு யாராவது கையெழுத்திட்டு அனுப்புவார்களா, என் பதவி என்னவாகும் என்று இன்னும் தெரியவில்லை. வீட்டில் சொல்லிவிட்டேன். மனைவி, "கிடைத்த சம்பள உயர்வை இன்னும் செலவுக்கு எடுக்கவில்லை, பயப்பட வேண்டாம்" என்றாள்.

சபையில் இதற்காக ஜெபிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். "பட்டறையில் நேர்மையாகக் கையெழுத்திட" என்றே எழுதினேன்.

------

கணக்கர் எழுதியது:

நல்லது தம்பி. மேசையில் வைத்த அறிக்கையின் நகல் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக் காலை முதல் வேலையாகத் தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேஜுக்கு ஒப்புக்கொண்டாரே, எந்தெந்த அளவுகளுக்கு, எத்தனை வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். கோபம் ஆறுவதற்குள் அந்தத் தாள் அவர் கையில் இருக்கட்டும். வேறு யாராவது உங்கள் பெயரில் கையெழுத்திட்டால் உடனே இங்கே எழுதுங்கள். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்கிறேன்.